கயிற்றை விடாத கொலைகாரன்

திருவிழாவுக்கு ஒரு மர்ம நாவலை நாடகமாக்கித் தருகிறேன் என்று கமிட்டியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். டீச்சர்தானே, எழுதிவிடுவாள் என்று அவர்களும் தலையாட்டிவிட்டார்கள்.

நாவல் முத்துக்குளித்த காலத்துக் கதை. கடலுக்குள் இறங்கியவன் இடுப்புக் கயிற்றை இரண்டு தரம் சுண்டினால் 'தூக்கு' என்று அர்த்தம். அவன் சுண்டுகிறான், படகில் இருப்பவன் கயிற்றை விட்டுவிடுகிறான். விட்டது யார் என்பது கடைசியில்தான் தெரியும்: செத்தவனுடைய மனைவியின் தம்பி. எங்கள் கடற்கரையில் அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள். அக்கா தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. எழுதிய வெளியூர்க்காரரை வைதுகொண்டே ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

என் கணவர் சங்கு குளிக்கிறவர். இப்போது கம்ப்ரசர் குழாயில் மூச்சு வருகிறது. ஆனாலும் இடுப்பில் கயிறு உண்டு. அதை என் தம்பிதான் பிடித்து வந்தான். எட்டு மாதத்துக்கு முன், காற்று மாறுகிறது என்று பயந்து, இவர் சுண்டுவதற்குள் தூக்கிவிட்டான். சங்கு குவிந்து கிடந்த இடம் போயிற்றே என்ற ஆத்திரத்தில் இவர் கரையில் நாலு பேர் முன்னால், "பயந்தாங்கொள்ளிப் பய" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. அப்புறம் கயிறு பிடிக்க வந்த ஆளுக்குக் கண் செல்போனில்தான் என்று பக்கத்துப் படகுக்காரர் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து, இவர் கரையேறும்வரை எனக்குப் பச்சைத்தண்ணீர் இறங்குவதில்லை.

அதனால்தான் குளிக்கிறவன் வேஷத்தை இவருக்கும் கொலைகாரன் வேஷத்தைத் தம்பிக்கும் கொடுத்தேன். மேடையிலாவது பேசித்தானே ஆகவேண்டும்! என் கெட்டிக்காரத்தனம் பல்லிளித்தது. ஒத்திகைக்கு இவர் ஒரு நாள் வந்தால் அவன் மறுநாள் வந்தான். ஒரே கயிற்றை இருவரும் சேர்ந்து தொடவே இல்லை.

நாடகத்தன்று பலகைமேடையின் நடுவில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றி நீலத்துணி. தம்பி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இவர் அதற்குள் இறங்கினார். திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடிப்புதான் என்றாலும், ஊர் பார்க்க ஒருமுறை விட்ட கையில் இவர் மறுபடி கயிற்றைக் கொடுப்பாரா? என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேனே! நிறுத்தவும் வழியில்லை. முன்வரிசையில் மாதா கோயில் சாமியார் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார்.

கயிறு ஒரு தரம் சுண்டியது. கூட்டத்தில் இருமல்கூட இல்லை. மறுபடி சுண்டியது.

தம்பி தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றி, நிஜப்படகில் நிற்பதுபோலவே தூக்கினான். செத்திருக்க வேண்டிய என் கணவர் தலையும் தோளுமாக ஓட்டைக்கு மேலே வந்து திருதிருவென்று விழித்தார்.

"ஏலே, விடணும்லா?" என்றார். எட்டு மாதத்தில் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"நீங்க சுண்டுனீய அத்தான்... கை தன்னால தூக்கிட்டு," என்று தம்பி உள்ளங்கைகளைப் பார்த்தான். மைக் அதையும் ஊருக்கே சொன்னது.

கூட்டம் கைதட்டியது. கொலையே நடக்காத கொலை நாடகம்! அடுத்த காட்சியில் ஒப்பாரி வைக்கத் தலைவிரித்து நின்ற பெண் என்னை முறைத்தாள். மூன்று மாத உழைப்பு பாழ் என்று எனக்குக் கோபம் பொங்கியது. கூடவே அழுகையும் வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

திருவிழா முடிந்து முதல் நாள் கடலுக்குக் கிளம்பும்போது இவர், "ஒந்தம்பிய வரச் சொல்லு," என்றார்.

"வைஞ்சது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றேன்.

கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு வீடு தள்ளித்தான் தம்பி வீடு. வாசலிலிருந்தே எனக்குக் கேட்டது.

"ஏலே, கெளம்பு. காத்து மாறுனா நான் சுண்டுத வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்காத."

அன்று இவர் கரையேறுவதற்கு முன்பே நான் சாப்பிட்டுவிட்டேன்.