மேசைக்குப் பக்கத்துக் கட்டில்

லூர்துமேரி காரிமங்கலம் சாலையோரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்தது முப்பத்தெட்டாம் வருஷம். கோவிலூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்தில் மண் சரிந்து செத்தபின், பெங்களூரில் நர்சு வேலை படித்துவிட்டு வந்திருந்தாள். பெண்கள் வார்டு ஒரே நீளக் கூடம். இருபக்கமும் இரும்புக் கட்டில்கள். நர்சின் மேசை வாசலை ஒட்டி இருந்தது. கடைக்கோடியில் யாராவது முனகினால் மேசைக்குக் கேட்காது.

அந்த மழைக்காலத்தில் கடைக்கோடிக் கட்டிலில் ஒரு பெண் இறந்துபோனாள். கஞ்சி கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. உடம்பு அதற்குள் விறைத்திருந்தது. மறுநாள் லூர்துமேரி டாக்டரம்மாவிடம் போனாள்.

"ரொம்ப முடியாதவங்களை என் மேசைக்குப் பக்கத்துலயே போட்டுக்கறனுங்க. எந்நேரமும் கண்ணுல இருப்பாங்க."

டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

ஏற்பாடு பலித்தது. நாடி தளர்ந்தாலும் மூச்சு மாறினாலும் அவள் உடனே கண்டுகொண்டாள். போய்விடும் என்று கைவிட்ட உயிர்கள் சில திரும்பி வந்தன. ஆனால் தேறியவர்களை வேறு கட்டிலுக்கு மாற்றிவிடுவார்கள், அடுத்த கடும் நோயாளிக்கு இடம் வேண்டுமே. சாகிறவர்கள் மட்டும் அங்கேயே செத்தார்கள். அதனால் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்து போனவள் என்று ஒருத்தியையும் யாரும் பார்த்ததில்லை.

பேச்சு கிளம்பிவிட்டது. துணைக்கு வந்த பெண்கள் அதைக் கடக்கும்போது முந்தானையை ஒதுக்கிக்கொண்டார்கள். கூட்டுகிற பாஞ்சாலி அதன் அடியில் விளக்குமாறு விட மறுத்தாள். காரிமங்கலம் சந்தைக்குள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், எமங்கட்டில் என்று.

ஜெர்மன் சண்டை தொடங்கிய அடுத்த வருஷம், வத்தல்மலையிலிருந்து கரியன் என்பவன் தன் மனைவி ராமக்காவைத் தூளி கட்டித் தூக்கிவந்தான். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. லூர்துமேரி மேசைக்குப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். கரியன் தூளியை இறக்கவே இல்லை.

"அதுல வேணாங்கம்மா."

"என் கண்ணு முன்னால இருந்தாத்தானுங்க நல்லது."

"அதுல படுத்தவங்க ஆரும் எந்திரிச்சுப் போவலியாமே. கீழ சந்தையில எல்லாருமே சொல்றாங்க. வேற எடம் இல்லாட்டி நான் மலைக்கே தூக்கிட்டுப் போயிடறேன்."

திரும்பிப் போனால் பாதி மலையிலேயே அவள் உயிர் போய்விடும். வேறு வழியின்றிக் கடைக்கோடியில் இடம் கொடுத்தாள். அடிக்கடி போய்ப் பார்த்தாள். ஆனால் ஒரு பிற்பகலில் டைபாய்டு நோயாளி ஒருத்திக்கு நினைவு தப்ப, அவளோடு போராடிக்கொண்டிருந்தபோது, அங்கே ராமக்காவுக்கு உதிரம் பெருகத் தொடங்கியது. பக்கத்துக் கட்டில்காரி கத்தினாள். லூர்துமேரி ஓடிப்போய்ப் பார்த்தபோது ரத்தம் மெத்தையைத் தாண்டித் தரையில் பரவியிருந்தது. டாக்டரம்மா வந்தும் பயனில்லை.

கரியன் அழவில்லை. "தள்ளிப் படுத்தும் சாவு கண்டுபுடிச்சு வந்திருச்சே" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரமே லூர்துமேரி தன் மேசையைச் சுவரோரம் ஒதுக்கிப் போட்டாள். நோயாளியை மேசைக்குக் கொண்டுவருவதை விட்டு, முக்காலியை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் போய் உட்கார்ந்தாள். இனி எந்தக் கட்டிலுக்கும் பெயர் வராது என்று எண்ணினாள். வரவில்லைதான். ஆனால் கட்டிலின் மேல் இருந்த பயம் முக்காலிக்கு மாறியது. நல்லம்பள்ளியிலிருந்து வந்திருந்த கண்ணம்மாள் என்ற இளம்பெண், ஒரு நாள் அவள் முக்காலியோடு தன்னை நோக்கி வருவதைப் பார்த்துவிட்டு கட்டிலின் மறு ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டாள்.

"என்கிட்ட ஒக்காராதீங்க நர்ஸம்மா. உங்க கால்ல விழறேன். வேற ஆருகிட்டயாவது போங்க."

மற்றவர்கள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள்.

அதற்குப் பின் லூர்துமேரி வார்டில் உட்காரவே இல்லை. வாசலில் தொடங்கிக் கடைக்கோடி வரை போய், மறுபக்கமாகத் திரும்பி வருவாள். தேறியவளோ தேறாதவளோ, எல்லாக் கட்டிலிலும் ஒரே மாதிரி நின்றாள். ஒரே மாதிரி நாடி பிடித்தாள். யாருக்கு முடியவில்லை என்பது அவள் நடையில் தெரியாது. நாளாக ஆக முகத்திலும் தெரியாமல் பழகிக்கொண்டாள். படுக்கைப்புண், மறைந்திருந்த சீழ், லேசான காய்ச்சல் என்று முன்பு தவறிப்போனவை எல்லாம் இப்போது முதலிலேயே அகப்பட்டன. மலேரியாவுக்குக் கொய்னா மருந்து கிடைக்காத பஞ்ச காலத்திலும் அந்த வார்டில் சாவு குறைந்தது. டாக்டரம்மா மற்ற வார்டுகளிலும் அப்படியே சுற்றச் சொன்னார். லூர்துமேரியின் கால் நரம்புகள் நீலமாகப் புடைத்து முடிச்சு விழுந்தன.

நாற்பத்து நாலில் அவள் தங்கை அந்தோணியம்மாள் டைபாய்டோடு வந்து படுத்தாள். வயிறு உப்பி, உதடு கறுத்திருந்தது. அக்கா தன்னிடம் வரும்போதெல்லாம் அவள் முகத்தையே தேடினாள்.

"அக்கா, நீயாச்சும் சொல்லு. நான் பொழப்பனா?"

லூர்துமேரி நாடி பார்த்தாள். மிக மெலிதாக இருந்தது. நாலு பக்கமிருந்தும் கண்கள் தன் மேலேயே இருப்பதை உணர்ந்தாள். "மருந்தக் குடி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அந்தோணியம்மாள் பிழைத்தாள். மாட்டுவண்டி வந்து வாசலில் நின்றபோது, தலைமுடி கொட்டி எலும்பாக நின்றவள், அக்கா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

"நான் செத்திருந்தாலும் உன் மூஞ்சி அப்படியேதான் இருந்திருக்கும், இல்ல?"

லூர்துமேரி அவள் துணி மூட்டையை வண்டியில் ஏற்றிவைத்தாள். வண்டி சாலையில் ஏறியபோது உள்ளே யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வார்டுக்குள் போனாள்.