குளிர் மிஷினுக்குச் சாம்பிராணி

எங்கள் மாமா ஒரு தடவை ஒரு பெரிய பங்களாவையே, வீட்டுக்காரரில் தொடங்கிப் பூனை வரைக்கும், ஒரே நேரத்தில் இரும வைத்தார். அது அம்பாள் செய்த காரியம் என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பிராணி செய்த காரியம் என்பார் அப்பா. நான் வளர்ந்து, எனக்கென்று ஒரு வீடு வாசல், பூசை மாடம் என்று ஆன பிறகு, இரண்டையும் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. மலாக்காவில், காஜா பெராங் சாலையில், ஒரு சீனத் தவுக்கேயின் பங்களாவில் அப்பாவுக்குக் கெபுன் வேலை. புல் வெட்டுவது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கேட்டைத் திறந்து மூடுவது. அம்மா அந்த வீட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போடுவார். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பலகை வீடு கொடுத்திருந்தார்கள். தவுக்கே என்றால் முதலாளி; நல்ல மனுஷர். ஆனால் புதுசாக எதைக் கண்டாலும் அது தன் வீட்டிலும் இருந்தாக வேண்டும் அவருக்கு. சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றில், ஒரே மிஷினை வைத்துக் கட்டடம் முழுவதையும் குளிர வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு அங்கேயிருந்து ஆட்களை வரவழைத்துவிட்டார். ஏர்கோன் என்ற சொல்லையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்பட்டோம்.

லாரியில் தகரக் குழாய்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் அரிசிப் பெட்டி அகலம். அவற்றை ஒன்றோடொன்று கோத்து, உத்தரப் பலகைக்கு மேலே, கூரைக்குள் ஓட விட்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கிளை. பின்பக்கச் சின்ன அறையில் பெரிய மிஷின். அதற்கு முன்னால், நடைவழிச் சுவரில், கதவளவுக்கு ஒரு கம்பி வலை. வீட்டுக் காற்றை மிஷின் அந்த வலை வழியாக இழுத்து, குளிர வைத்து, குழாய் வழியாக எல்லா அறைக்கும் திருப்பி அனுப்பும் என்றார்கள். எனக்கு விளங்கியதெல்லாம், அந்த வலைதான் மிஷினுக்கு வாய் என்பது மட்டுமே. அம்மாவுக்கும் அதற்கு மேல் விளங்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

கூரைக்குள் தவழ்ந்து போய்க் குழாய்களைக் கோக்க ஒல்லியான ஆள் தேவைப்பட்டது. அப்பா போய்ச் சொல்ல, மாமாவைச் சேர்த்துக்கொண்டார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். அங்கே கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் இன்னும் ஓயவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. மாமாவின் கூட்டாளி ஒருவரை, காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று சொல்லி, போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவரோடு சேர்ந்து திரிந்தவர்கள் யார் யார் என்று வேறு விசாரித்தார்களாம். கொடுத்தால் இவர்கள் விடமாட்டார்கள், கொடுக்காவிட்டால் அவர்கள் விடமாட்டார்கள். அம்மா நேரே போய்த் தம்பியைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். டவுனில் நிலையான வேலை ஒன்று அமைந்தால் பிழைத்தார். அமையாவிட்டால் மறுபடியும் அந்த முள்கம்பிக்குள்தான். அந்த நவராத்திரி முழுவதும் அம்மா ஒருவேளைச் சோற்றோடு விரதம் இருந்தது அதற்காகத்தான்.

சிங்கப்பூர் ஆட்கள் வேலையை முடித்துக் கிளம்பும்போது, மிஷினுக்கு எண்ணெய் போட, வலையைக் கழுவ ஓர் ஆள் வேண்டுமே என்று மாமாவைத் தவுக்கேயிடம் விட்டுப் போனார்கள். தவுக்கே உடனே தலையாட்டவில்லை. மிஷின் ஒழுங்காக ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

மிஷின் ஓடத்தான் செய்தது. வீடே வெடவெடத்தது. தவுக்கே கோட்டுப் போட்டுக்கொண்டு கஞ்சி குடித்தார். அவர் சம்சாரம் காலுறை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். ஆனால் ஓர் அறை மட்டும் குளிரவில்லை. அது பெரிய நோன்யாவின் அறை. பெரிய நோன்யா என்றால் தவுக்கேயைப் பெற்றவர். குளிர் வெளியே போய்விடும் என்று ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டதால், அவர் அறை முன்னைவிட அதிகமாகப் புழுங்கியது. விசிறியால் மார்பில் அடித்துக்கொண்டு, கடவுள் கொடுத்த காற்றையும் மகன் அடைத்துவிட்டான் என்று மலாயில் புலம்புவார். அந்தப் புலம்பல் எங்கள் பலகை வீடு வரைக்கும் கேட்கும்.

கோளாறு எங்கே என்று மாமாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெரிய நோன்யா அறைக்குப் போகும் குழாய், அவர்கள் முன்னோரை வைத்துக் கும்பிடும் கூடத்துக்கு மேலே போகிறது. அங்கே ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஏறக்கூடாது. குழாய் போட்டபோது நல்ல நாள் பார்த்து, முன்னோர் பெயர் எழுதிய பலகைகளை வேறு இடத்துக்கு எழுந்தருளச் செய்திருந்தார்கள். திரும்பக் கொண்டுவந்து வைத்த பிறகு, அவர்கள் தலைக்கு மேல் எவன் காலும் படக்கூடாது என்பது பெரிய நோன்யாவின் உத்தரவு. மாமா அம்மாவிடம் முறையிட்டால், அம்மா அந்தப் பக்கம்தான் பேசினார்.

"நம்ம சாமி மேல ஒருத்தன் ஏறி நடந்தா நீ சும்மா இருப்பியாடா?"

தவுக்கேயும் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் மாமாவைக் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் தன் அம்மாவின் அறை குளிராவிட்டால் மிஷினைக் கழற்றி அனுப்பிவிடப் போவதாகவும், மிஷின் இல்லாத வீட்டில் மிஷின் பார்க்கிற ஆளுக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த வாரத்தில்தான் ஆயுத பூசை வந்தது.

அன்று காலையிலேயே அப்பாவின் அரிவாள், மண்வெட்டி, சைக்கிள், அம்மாவின் இஸ்திரிப் பெட்டி, என் சிலேட்டு எல்லாம் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாமாவின் ஸ்பேனர்களும் இருந்தன. அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. சோறு போடப்போவது அந்த மிஷின், அதை விட்டுவிட்டு ஸ்பேனரைக் கும்பிட்டு என்ன பிரயோசனம் என்றார். பொரி, கடலை, வாழைப்பழம், தூபக்கால், கை நிறையச் சாம்பிராணி எல்லாவற்றையும் தட்டில் எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்வாசல் வழியாகப் புறப்பட்டோம். பூத்தட்டு என் கையில்.

மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா முகம் சுளித்தார்.

"ஓடுற மிஷினுக்கு யாராச்சும் பூசை போடுவாங்களா? இன்னிக்கு ஆயுதமெல்லாம் ஓஞ்சு இருக்கணும். அதை நிறுத்து."

"நிறுத்தினா தவுக்கே என்னைய நிறுத்திடுவாரு அக்கா. முன்னால ஹால்ல ஆளுங்க வந்திருக்காங்க லா."

"சரி, அப்ப சுருக்கமா முடிச்சிடுவோம்."

மாமா தூபக்காலை மிஷின் அறைக்கு உள்ளே வைக்கப் போனார். அம்மா விடவில்லை. படையலை யாராவது முதுகுப்பக்கம் வைப்பார்களா? சாமிக்கு வாய்க்கு நேரேதான் வைக்க வேண்டும். நடைவழியில், அந்தப் பெரிய வலைக்கு நேரே எல்லாவற்றையும் பரப்பினார். வாசலில் நின்றுகொண்டிருந்த அப்பா சிரித்தார்.

"மச்சான், வாய்க்கு நேரா புகையைக் காட்டுறீங்க. மிஷினு இருமப்போவுது, பார்த்து."

"நல்ல நாள்ல வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருங்க!" என்றார் அம்மா.

கனலில் சாம்பிராணி விழுந்தது. எங்கள் வீட்டில் என்றால் புகை நேரே மேலே போகும். இங்கே அது மேலே போகவில்லை. அப்படியே படுத்து, பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி வலைக்குள் நுழைந்தது. ஒரு துளிகூட வெளியே சிதறவில்லை.

"பாருடா, ஏத்துக்கிட்டா!" என்றார் அம்மா. கண்கள் நிறைந்துவிட்டன. இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டார். அதுவும் உள்ளே போயிற்று. மீதியை மொத்தமாகக் கவிழ்த்தார்.

முதலில் மாடியில் தவுக்கேயின் சம்சாரம் கத்துவது கேட்டது. அடுத்து முன் ஹாலில் நாற்காலிகள் உருண்டன. எங்கே பார்த்தாலும், காற்று வரும் துவாரங்களில் எல்லாம் புகை கொட்டிக்கொண்டிருந்தது. "ஆப்பி! ஆப்பி!" என்று நெருப்பைச் சொல்லிக் கத்திக்கொண்டு, வந்திருந்த பெரிய மனிதர்கள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி புல்வெளிக்கு ஓடினார்கள். அப்பா தோட்டத்து ஓஸ் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவர், தூபக்காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

தவுக்கே இருமிக்கொண்டே நடைவழிக்கு வந்தார். மாமாதான் முன்னால் போய் நின்று, தான் செய்ததுதான் என்றார். தவுக்கே அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாலேக்!" என்றார். திரும்பிப் போ என்று அர்த்தம். "உன் தோட்டத்துக்கே போய்ச் சேர்."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாமா குனிந்து, சிந்திக் கிடந்த பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பெரிய நோன்யா விசிறியோடு வந்தார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஆனால் கோபம் எங்கள் மேல் இல்லை, மகன் மேல்.

"வீடு பூரா வாசனை. மாடிக்குப் போகுது, ஹாலுக்குப் போகுது, சமையலறைக்குக்கூடப் போகுது. என் அறைக்கு மட்டும் வரலை! குளிரும் எனக்குக் கிடையாது, புகையும் எனக்குக் கிடையாதா?"

மாமா பொரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "வரலையா? கொஞ்சம்கூட வரலையா, நோன்யா?" என்று மலாயில் கேட்டார். கேட்டுவிட்டு, தம்மை வேலையிலிருந்து நிறுத்தியதையே மறந்து, உத்தரத்தைப் பார்த்தபடி நடைவழியில் ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

முன்னோர் கூடத்தில் போய் நின்றுவிட்டார். அங்கே காற்றுத் துவாரமே கிடையாது. ஆனாலும் புகை இருந்தது. மேல்பலகை இடுக்கிலிருந்து மெல்லிசாக, நூல் பிடித்த மாதிரி, அந்தப் பெயர்ப்பலகைகளுக்கு நேர் மேலே இறங்கிக்கொண்டிருந்தது.

பெரிய நோன்யா விசிறியை இடுப்பில் செருகினார். கை குவித்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் அம்மாவும் பக்கத்தில் போய்க் கை குவித்து நின்றார். ஒருவர் முன்னோரைக் கும்பிட்டார், ஒருவர் அம்பாளைக் கும்பிட்டார்.

"இங்கே என்று அவங்களே காட்டுறாங்க" என்றார் பெரிய நோன்யா, மாமாவைப் பார்த்து. "காலைக் கழுவிட்டு வந்து ஏறு."

தவுக்கே என்னவோ சொல்ல வாய் எடுத்தார். அவர் அம்மா திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மாமா காலைக் கழுவி வந்தார். பெரிய நோன்யா ஊதுபத்தி ஏற்றிக் கொடுத்தார். மாமா அதை நெற்றிக்கு உயர்த்தி, "பெரியவங்களே, பொறுத்துக்குங்க, வயித்துப் பொழைப்பு" என்று தமிழில் சொல்லிவிட்டு ஏறினார். அந்த முன்னோருக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு குழாய் சேரும் இடத்தில் தகரப் பட்டை நழுவி, வாய் பிளந்து கிடந்ததாம். பெரிய நோன்யாவுக்குப் போக வேண்டிய குளிரெல்லாம் இத்தனை நாளும் கூரைக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்படிச் சொல்லு! முன்னோருங்கதான் குளுகுளுன்னு இருந்திருக்காங்க" என்றார் அப்பா. அம்மா முறைக்கவில்லை. அவரும் சிரித்தார், அழுகையோடு.

மாமா பட்டையை இழுத்து முறுக்கிவிட்டு இறங்கினார். எல்லோரும் பெரிய நோன்யாவின் அறைக்குப் போய்த் துவாரத்துக்குக் கீழே நின்றோம். முதலில் சாம்பிராணி வாசனை வந்தது. பிறகு குளிர் வந்தது. பெரிய நோன்யா கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் திறந்து, ரொம்பக் குளிருது, போர்வை எங்கே என்று திட்ட ஆரம்பித்தார். தவுக்கே அன்றைக்குத்தான் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். மாமாவின் தோளில் தட்டி, நாளைக்கு மத்தியானம் வந்து வலையைக் கழுவு, இனிமேல் மிஷின் உன் பொறுப்பு என்றார். அடுத்த வருஷமும் இந்தப் புகை போட வேண்டும் என்று பெரிய நோன்யா அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விஜயதசமி. அன்று விடியற்காலையில் எழுந்து, குளித்து, விபூதி பூசி, புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். எந்தக் காரியத்தையும் தொடங்குகிற நாள். சோம்பி இருந்தால் வருஷம் பூராவும் சோம்பல்தான் என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் அப்படியே எழுந்து, உட்கார்ந்து, முதல் வரியை உரக்கப் படித்தேன். மண்டையில் அம்மாவின் குட்டு ஒன்று விழுந்தது.

"மெதுவாப் படிடி. மாமா தூங்குது."

திரும்பிப் பார்த்தேன். நான் குளித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டிருந்தது. எங்களிடம் வந்த நாள் முதல் மாமா சட்டையைக் கழற்றாமல்தான் படுப்பார். வாசல் பக்கம் தலை வைத்துப் படுத்து, ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு, சட்டை ஆணியில் தொங்க, நடு வீட்டில் கையை ஒரு பக்கம் காலை ஒரு பக்கம் போட்டு, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா சைக்கிளை உருட்டினால் சங்கிலி சத்தம் போடும் என்று, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வெளியே போனார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, இந்த வீட்டில் படிக்கிற பிள்ளைக்குக் குட்டு, தூங்குகிற மாமாவுக்கு விசிறியா, நீயே கேள் தாயே என்று முறையிட்டேன். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு மனுஷன் தூங்குவதில் அப்படி என்ன இருக்கிறது, அதை அம்மா ஏன் சாமியைப் பார்ப்பதுபோல அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.