சுக்குக் கிடங்கை ஒட்டிய வகுப்பு

பிராட்வேயில் ஒரு கடைக்காரர் சுக்கு மூட்டையை அவிழ்த்தபோது, மட்டாஞ்சேரியில் நான் ஒன்றாம் வகுப்பு படித்த ஓட்டுக் கட்டடம் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே வண்டிகளை நிறுத்துகிறார்கள். அப்போது சுவருக்கு அப்பால் சுக்குக் கிடங்கு. அங்கே அம்மாவும் மற்ற பெண்களும் முறத்தில் புடைக்கிற சத்தமும் தூசியும் நாள் முழுதும் வகுப்புக்குள் வந்துகொண்டிருக்கும். மலையாளம் புரியாத எனக்கு மணி அடித்ததுமே வயிறு வலிக்கும், எழுந்து அம்மாவிடம் ஓடினால் பொய் சொல்கிறேன் என்று அடித்துத் திருப்பி அனுப்புவாள்.

ஒரு நாள் லீலா டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடங்குக்கே வந்தார்.

"சேச்சி, குட்டி பொய் சொல்லலை. வலி உள்ளதுதான். பேடியில, பயத்துல வருது. அடிக்கண்டா."

"நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"இடைக்கிடை ஜன்னல்ல வந்து நில்லுங்க. அவ பாத்தா போதும்."

அதன்பிறகு அம்மா தலையில் தூசியோடு கம்பிகளுக்கு வெளியே வந்து நிற்பாள், நான் பார்த்ததும் போய்விடுவாள். நான் திரும்பிப் பார்ப்பதை டீச்சர் கண்டுகொள்ளமாட்டார். வயிற்றுவலி எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அம்மா சொன்னாள்: "இன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னேன், நீ பாக்கவே இல்லடி."

பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேனாம், மலையாளத்தில்.