கால் குட்டையான நான்கு

இத்தாலியின் மொதெனா நகரில் ஏழாம் எண் பேருந்தை ஓட்டுபவள் நோர்மா தூஸினி. அந்தப் பேருந்தில் முட்டைக் கூடையோடு நின்றுகொண்டே போகலாம், ஒன்றும் உடையாது. நான் ஐந்து வருடம் கல்லூரிக்கு அதில்தான் போய் வந்தேன். தாமதமாக ஓடி வந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே திட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்டுவது வேறு வண்டி. 1971-ல் எங்கள் பக்கத்துச் சின்னப் பட்டறை ஒன்றில் செய்த வெரத்தி கார். மொத்தம் செய்ததே பத்தொன்பது. அவளுடையது பதினான்காவது. பழுப்பு நிறம் பிடிக்கவில்லை என்று வாங்க இருந்தவர் கைவிட்டதால், பட்டறையின் ஃபோர்மேனாக இருந்த அவள் அப்பா எர்மெஸ் அடக்க விலைக்கு எடுத்துக்கொண்டார். கண் மங்கிய பிறகு அவர் பக்கத்து இருக்கைக்கு மாறினார். பதினெட்டு வருடம் மகள் ஓட்ட, அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இந்த வசந்தத்தில் எர்மெஸ் இறந்தார். வண்டி நோர்மாவுக்குப் பாதி, தம்பி லோரிஸுக்குப் பாதி. இருவரும் பத்திரப் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள்: மதிப்பீட்டாளர் எழுதும் விலையை ஏற்றுக்கொள்வது. அதில் பாதியை ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் வண்டி நோர்மாவுக்கு. முடியாவிட்டால் விற்றுவிடுவது. சூரிச்சில் ஒருவர் வாங்கக் காத்திருந்தார்.

நோர்மா வீட்டை அடமானம் வைத்து, சேமிப்பையும் சேர்த்து இரண்டு லட்சம் யூரோ திரட்டியிருந்தாள். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. விலை நான்கு லட்சத்தைத் தாண்டினால் வண்டி போய்விடும்.

மதிப்பீட்டாளர் என் முதலாளி. இடுப்புப் பிடிப்பில் படுத்துவிட்டார். என்னை அனுப்பினார். நான் தனியாகப் போன முதல் வேலை அது.

"தொத்தோரெஸ்ஸா, வாங்க வாங்க," என்று லோரிஸ் வாசலுக்கே வந்தார். பட்டம் வாங்கிய பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் அம்மா ஓடு தொழிற்சாலையில் அடுப்பு வரிசையில் நிற்கிறாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் மட்டும்தான். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று இன்னும் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

"இது நம்ம ஏழாம் நம்பர் மிலேனாடா," என்றாள் நோர்மா. "தினம் லேட்டா வர்றவ. இவகிட்டயா நம்ம விதி மாட்டிக்கிச்சு?"

"அக்கா, மரியாதையா பேசு. விலை குறைஞ்சா உன்னாலதான்."

"குறையட்டும்டா. உனக்கு வயிறு எரியட்டும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

ஷெட்டில் வேலையை ஆரம்பித்தேன். பெயின்ட் பழையது, நல்லது. இருக்கைத் தோல் முதலில் போட்டதேதான். சேசிஸ் எண் சரி. பானெட்டைத் திறந்து, இன்ஜின் பிளாக்கின் ஓரத்தைத் துணியால் துடைத்தேன். 0114. காகிதத்திலும் அதே எண். பிறந்த இன்ஜினோடு இருக்கும் வெரத்தி என்றால் ஆறு லட்சத்து இருபதாயிரம். மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

பிறகு அந்த நான்கைப் பார்த்தேன்.

வெரத்தி பட்டறையில் எண் அடிக்கும் இரும்பு அச்சுகள் ஒரே செட். அதில் நான்கின் கால் நுனி உடைந்திருந்தது. பத்தொன்பது இன்ஜின்களில் நான்கு வருவது இரண்டில்தான், 0104, 0114. முதலாவதின் படம் என் கோப்பில் இருந்தது. அதில் நான்கு நொண்டிக்கொண்டு நின்றது. என் விரலுக்குக் கீழே இருந்த நான்கின் கால் நீளமாக, நேராக, அழகாக இருந்தது.

யாரோ வேறொரு பிளாக்கைப் போட்டு, பழைய எண்ணை அடித்திருக்கிறார்கள். அடித்தவர் அந்த அச்சின் நுனியை முதலில் பற்றவைத்து, அரம் போட்டுச் சரிசெய்திருக்கிறார். உடைந்த எழுத்தை அடிக்க அந்தக் கைக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் அப்படிப்பட்ட கை யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை.

இன்ஜின் மாறிய வண்டி என்றால் நான்கு லட்சம். நோர்மா தப்பித்துவிடுவாள். ஆனால் அறிக்கையில் 'எண் பின்னால் அடிக்கப்பட்டது' என்று நான் எழுதும் வரி, எர்மெஸ் தூஸினியைப் பொய் எண் அடித்தவர் ஆக்கிவிடும். வெரத்தி வைத்திருக்கும் அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள். அவருக்கு எதிரில் நின்று பதில் சொல்ல வாயும் இல்லை.

டார்ச் பிடித்திருந்த நோர்மாவை நிமிர்ந்து பார்த்தேன். வெளிச்சம் அசையவே இல்லை. அவள் கண் என்மேல் இருந்தது. அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வண்டி அவளுக்கு. ஆனால் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. "எல்லாம் பாத்தாச்சு," என்று சொல்லி பானெட்டை மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை கேட்டுக்கொண்டேன். இறந்தவர்மேல் மரியாதை என்று சொல்லலாம். தவறாகச் சொல்லிவிட்டால் பட்டத்துக்கு அவமானம் என்ற பயமும் இருந்தது. எது அதிகம் என்று எனக்கே தெரியவில்லை.

சமையலறையில் சூடான திஜெல்லா ரொட்டியும் பன்றிக் கொழுப்பு மசியலும் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. லோரிஸ் சிவப்பு ஒயினை ஊற்றிக்கொண்டே, "எழுதிடுங்க தொத்தோரெஸ்ஸா, கையெழுத்துப் போட்டுடலாம்," என்றார்.

பேனாவை எடுத்தேன். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை இருவரிடமும் வாய்விட்டுக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

"இன்ஜின் எப்பவாவது மாத்தியிருக்கா?"

"சேச்சே. கெடையவே கெடையாது," என்றார் லோரிஸ், நான் முடிப்பதற்குள்.

நோர்மா கத்தியால் ரொட்டியைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"அந்த எண்ணுல ஒரு சந்தேகம் இருக்கு," என்றேன். "நாலோட கால்..."

"என்ன சந்தேகம்? அப்பா போட்ட இன்ஜின் அது. அப்பா மேல சத்தியமா சொல்றேன், எறக்கினதே இல்ல."

நோர்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"லோரிஸ், அப்பா மேல சத்தியம் பண்ணாத."

"அக்கா, நீ சும்மா இரு."

"சும்மாதாண்டா இருந்தேன். அவர் பேரு கெடக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு வண்டியையே விடத் துணிஞ்சேன். நான் பேசமாட்டேன்னு தெரிஞ்சுதான நீ இவ்ளோ தைரியமா ஒயின் ஊத்துற? ஆனா அவர் பேர வச்சே பொய் சொல்லுவியா?" என்னிடம் திரும்பினாள். "எழுதிக்கோ. எண்பத்து மூணு ஜனவரி. எனக்குப் பத்தொம்பது வயசு. அப்பாக்குத் தெரியாம வண்டிய எடுத்துட்டுப் போனேன். வழியில ரேடியேட்டர்ல தண்ணி கொறஞ்சுது, உறையாம இருக்கிற மருந்து கலக்காம வெறும் கொழாத் தண்ணிய ஊத்தினேன். ராத்திரி உறைஞ்சு பிளாக் பிளந்துடுச்சு. அப்பா திட்டவே இல்ல. மிச்சமா கெடந்த ஒரு பிளாக்க வாங்கிட்டு வந்து மாத்தினார். அதே வண்டிதான, அதே நம்பர்தான்னு அடிச்சார். ஏமாத்தணும்னு இல்ல. அவருக்கு அது கிழிஞ்ச சட்டைய மாத்துற மாதிரி. பிளாக்கத் தூக்க யாரு கூட இருந்தது? சொல்லு லோரிஸ்."

லோரிஸ் ஒயின் கோப்பையின் அடியை மேசைத் துணியில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதாரம் வேணுமா? வா," என்று நோர்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். மூன்று ஜெரேனியத் தொட்டிகள் ஒரு கறுத்த இரும்புக் கட்டைமேல் இருந்தன. ஒவ்வொன்றாக இறக்கினாள். பாசியைக் கரண்டியால் சுரண்டினாள். பக்கவாட்டில் ஒரு நீள விரிசல். அதற்கு மேலே 0114. நான்கு நொண்டிக்கொண்டு நின்றது.

"நாப்பது வருஷமா பூத்தொட்டி தாங்குது. இப்ப எழுது, நாலு லட்சம்," என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் ஒருமுறை பானெட்டை மூடிவிட்டேன். இன்னொரு முறை முடியாது.

"நோர்மாம்மா, பழைய பிளாக் இல்லாட்டிதான் நாலு லட்சம். பொறந்த பிளாக், ஒடைஞ்சதுன்னாலும், வண்டியோட சேர்ந்து இருந்தா விலை ஏறும். நாலு லட்சத்து எண்பதாயிரம்."

தொட்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பாதி, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அவளிடம் இரண்டு லட்சம்.

"நீ இதச் சொல்லாம இருந்திருக்கலாமே பொண்ணு."

"இருந்திருக்கலாம்."

"ஆதாரத்த நானே காட்டி வண்டிய இழந்துட்டேன் பாரு, எவ்ளோ பெரிய புத்திசாலி நான்," என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

லோரிஸ் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். குனிந்து, விரிசலில் கட்டைவிரலை வைத்து ஓரம்வரை இழுத்தார்.

"இத இறக்கறப்ப என் கால்ல விழப் பாத்துது. அப்பா கையக் குடுத்துத் தடுத்தார். நகம் போச்சு," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம்: "இது தனியா என்ன விலை போகும்?"

"தனியாவா? ஒண்ணும் இல்ல. பூத்தொட்டி வைக்கலாம்."

"அப்ப பங்கு பிரிச்சுடுவோம். வண்டி அக்காவுக்கு. கட்டை எனக்கு. இது இல்லாத வண்டிக்கு நாலு லட்சம்தான?"

"நான் அத எழுதலாம். ரெண்டு பேரும் சம்மதிச்சா."

நோர்மா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "என்னடா திட்டம் போடுற? நாளைக்கு நான் விக்கப் போனா இதக் காட்டிப் பங்கு கேப்பியா?"

"கேப்பேன்."

"நான் விக்கவே மாட்டேன்டா. நீ இதக் கட்டிக்கிட்டே செத்துப்போவ."

"போறேன். ஒரு பக்கம் பிடி."

அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள். நான் கை கொடுக்கப் போனேன், இருவரும் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றார்கள். லோரிஸின் புதுக் காரின் டிக்கியில் இறக்கியதும் பின்பக்கம் ஒரு சாண் அமுங்கியது.

மேசைக்குத் திரும்பி எழுதினேன். வெரத்தி, பதினான்காவது. நான்கு லட்சம் யூரோ. இன்ஜின் 1983-ல் மாற்றப்பட்டது. மாற்றியவர் என்ற இடத்தில் பேனா நின்றது. நோர்மா எட்டிப் பார்த்தாள்.

"எழுது. எர்மெஸ் தூஸினி, ஃபோர்மேன். ஒடைச்சவ பேரும் எழுது."

"அதுக்கு இடம் இல்லம்மா."

"ஓரத்துல எழுது."

ஓரத்தில் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சற்று நேரத்தில் வெளியே லோரிஸ் தன் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. நோர்மா ஜன்னலைத் திறந்து, "மெதுவா போடா, திருப்பத்துல கட்டை உருளும்!" என்று கத்தினாள்.