அப்பா இரண்டு தரம் ஒட்டிய இறக்கை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி அம்மா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து மேசையில் இருந்தால் மகளாகிய எனக்குக் கை ஓடவில்லை. களைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா சாவகச்சேரியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அகதியாக டென்மார்க் வந்து, பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடிநாரும் பிசினுமாக ஓய்வு பெறும்வரை உழைத்தார். தம்பி தங்கைகளைக் கரைசேர்த்தார். எவரிடமும் முகம் சுளித்ததில்லை. என்னிடம் மட்டும், கராஜில் நான் தேய்த்தது போதாது என்று சுளிப்பார்.

ஐம்பது வயதில் விமானம் ஓட்டப் பழகியவர், வீட்டிலேயே பாகம் பாகமாகப் பூட்டிச் செய்யக்கூடிய விமானம் ஒன்றைப் பெட்டி பெட்டியாக வாங்கினார். அதுவும் கண்ணாடிநாரும் பிசினும்தான். இரண்டு பேர் இருக்கலாம், நல்ல வேகம் போகும். எங்கள் கார் வெளியே பனியில் நின்றது. சனி, ஞாயிறுகளில் நானும் அப்பாவும் கராஜில் நின்று அதன் பாகங்களை உப்புத்தாளால் தேய்த்தோம். எனக்கு அது பிடித்திருந்தது என்று பொய் எழுத மாட்டேன். அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒரு தரமாவது பறக்க வேண்டும் என்பதே அப்பாவின் ஆசை. இறக்கையை நல்ல நேரம் பார்த்து ஒட்டினால் ஏறுவதாக அம்மாவும் சம்மதித்தார்.

நேரம் தை மாதத்து விடியற்காலையில் வந்தது. சூடு போதாவிட்டால் பிசின் பசை பிடிக்காது என்று தொழிற்சாலையில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். ஹீட்டர் எரிந்தும் இறக்கை தொட முடியாத குளிரில் கிடந்தது. மத்தியானம் ஒட்டுவோம் என்று கெஞ்சினேன்.

"நேரம் தப்பினால் கொம்மா ஏறமாட்டா, பிள்ளை" என்றார்.

தேங்காய் உடைத்து ஒட்டினோம்.

சில வாரங்களின் பின், பறக்க அனுமதி தரும் பரிசோதகர் வந்தார். நாணயம் ஒன்றால் இறக்கையைத் தட்டிக்கொண்டே போனார். பாதியில் சத்தம் மாறியது. உள்ளே பசை பிடிக்கவில்லை என்று சொல்லி, கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அப்பா குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். நானும் என் பங்குக்கு டேனிஷில் திட்டினேன். அந்த மனிதர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

இறக்கையை அறுத்துத் திரும்பச் செய்ய நான்கு ஆண்டுகள் எடுத்தன. அதற்குள் அப்பாவின் இதயம் பலவீனமாகி, இனி விமானம் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேறொருவர்தான் அதை ஓட்டினார். ஓடுபாதை ஓரத்தில் நின்ற நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது போய்விட்டது. எல்லாம் தன்னால் வந்தது என்று அம்மா அழுதார்.

"நேரம் பாத்தது நீர், ஒட்டினது நான். விடும்" என்றார் அப்பா.

மருத்துவமனையில் அவரைப் பிள்ளைபோலப் பார்த்த தாதியருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், ஹ்விடோவ்ரேயிலும் ஓல்போர்க்கிலும் இருந்து கார் ஓட்டி வந்த உறவுகளுக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. அந்தப் பரிசோதகருக்கும் நன்றி. இதுவரை நான் அவருக்கு அதைச் சொன்னதில்லை. அன்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், இந்த மலர் பல ஆண்டுகளுக்கு முன்பே, அம்மாவின் படத்தையும் சேர்த்து வந்திருக்கும்.