அன்செல்மின் இடது கை

நெவேர் ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் ரயில் வரவை அறிவித்தவர் அன்செல்ம் ஃபோவெல். பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. புத்தியை மட்டும் விட்டுவைத்தது, அதுதான் கொடுமை. எதைக் கேட்டாலும் வாயில் 'இல்லை' என்றே வந்தது. குளிரில் நடுங்கும்போது குளிருகிறதா என்றாலும் 'இல்லை'தான்.

மகள் மாரிலோர் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்து வீட்டை விற்க மனுப் போட்டிருந்தாள். அவர் விருப்பத்தைக் கேட்க நீதிபதி வீட்டுக்கே வருவார். அன்றைக்கு ஒரு சொல்லாவது உருப்படியாக வராவிட்டால் வீடு கைவிட்டுப் போகும்.

பேச்சுப் பயிற்சி தரும் சில்வேன் நீளமான சொல்லாகப் பார்த்து எடுத்தாள். காதேகோரிக்மான். பிரெஞ்சில் திட்டவட்டமாக என்று பொருள்.

"சின்னச் சொல் வழுக்கிடும் மெஸ்யே ஃபோவெல். பெருசைத் துண்டு போட்டுக்கலாம். துண்டுக்கு ஒரு தட்டு. கடைசித் துண்டை நல்லா இழுங்க, நம்ம பாஷைக்கு அழுத்தமே அங்கதான்."

இடது கையால் மேஜையைத் தட்டினார். கா. தே. கோ. முதல் மாதம் அதற்குமேல் நகரவில்லை, அவமானத்தில் அழுதார். மூன்றாம் மாதம் ஐந்து துண்டும் வந்தன. கை சும்மா இருந்தால் மட்டும் ஒன்றும் வராது. மகளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று சில்வேனிடம் சைகை காட்டினார். மைக் பிடித்த மனுஷருக்கு அந்த வீம்பு போகவில்லை.

நீதிபதி சின்ன வயதுப் பெண். "இந்த வீட்டை விட்டுப் போக உங்களுக்குச் சம்மதமா?"

"இல்லை."

"எல்லாத்துக்கும் இதேதான் சொல்வாரு மேடம். காபி வேணுமான்னு கேட்டுப் பாருங்க," என்றாள் மாரிலோர்.

நீதிபதி கேட்டார். அன்செல்முக்குக் காபி வேண்டித்தான் இருந்தது. "இல்லை," என்றார். உடனே இடது கையை ஓங்கித் தட்டினார். "கா. தே." கோப்பைகள் குலுங்கின.

மாரிலோர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். "கோவப்படாதீங்கப்பா. உங்களை யாரும் ஒண்ணும் சொல்லல."

அவர் இழுத்தார். அவள் இறுக்கினாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. நீதிபதி பாவம், நெடுநேரம் காத்திருந்துவிட்டுத்தான், விருப்பம் அறிய முடியவில்லை என்று எழுதினார்.

மாரிலோர் வழியனுப்பப் போனாள். கை விடுபட்டது. "இல்லை. கா-தே-கோ-ரிக்-மா...ன்." ஸ்டேஷனில் சொன்னதுபோல் கணீரென்று வந்தது.

நடையில் அவள் காலடி நின்றது. வாசலில் நீதிபதி இன்னும் கார் ஏறவில்லை. அன்செல்ம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கார் கிளம்பிப் போயிற்று. மாரிலோர் உள்ளே வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் கோப்பைகளை எடுத்தாள்.