ரூத்தின் மொழி என்று நான் எழுதியது

1. கெயார் பிளான்

ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ரூத்தால் ஒரு வசனம்கூடச் சேர்த்துப் பேச முடியவில்லை. மெல்பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்போது நான் பராமரிப்பாளர். மூன்று வருடம் அவரைக் குளிக்கவார்த்தவள் என்பதால் மனேஜர் கவிதா என்னைத்தான் கேட்டார்.

"அவங்ககிட்ட எந்த லாங்குவேஜ்ல பேசினா நல்லது?"

"ஹங்கேரியன்தான். தாய்மொழி எண்டா ஆருக்கும் ஆறுதல்தானே" என்றேன். அதுவே அவரை எப்படிப் பராமரிப்பது என்று எழுதிவைக்கும் கெயார் பிளானில் ஏறியது.

ரூத் ஹீப்ருவில் கவிதை எழுதியவர். அந்த மொழியை இருபது வயதுக்குப் பிறகுதான் படித்தார். ஹங்கேரியன், உலக யுத்தத்தில் யூதச் சிறுமியாக ஒளிந்திருந்தபோது வாயைத் திறக்காதே என்று தன்னை அடக்கிய மொழி என்றும், 'நான்' என்று பயமில்லாமல் முதலில் சொன்னது ஹீப்ருவில்தான் என்றும் ஒருநாள் சொல்லியிருந்தார். துவாயை மடித்தபடி கேட்டேன். கவிஞர்கள் அப்படித்தான் கதைப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

2. ஐந்து கிழமைகள்

ஹங்கேரியன் தெரிந்த தொண்டர் ஒருவர் தினமும் வந்து பிள்ளைப்பாட்டுகள் பாடினார். ரூத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. மனச்சோர்வு என்று நோட்ஸில் எழுதினேன்.

ஐந்தாம் கிழமை, தன் ஆப்பரேஷன் முடிந்து தேறிய மகன் டேனியல் சிட்னியிலிருந்து வந்தார். அம்மாவின் கவிதையொன்றை ஹீப்ருவில் வாசித்தார். இரண்டாம் வரியில் ரூத் தலையைத் திருப்பி ஒரு சொல் சொன்னார்.

"ரொட்சா."

டேனியலின் கண் கலங்கியது. ஹீப்ருவில் 'நான் விரும்புகிறேன்' என்பதை ஆண் ஒருவிதமாகவும் பெண் வேறுவிதமாகவும் சொல்ல வேண்டுமாம். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்குமாம். அவர் ஆண் சொல்வதுபோல் வாசித்துவிட்டார். அம்மா திருத்தினார்.

அன்று அரைக் கிண்ணம் சூப் குடித்தார். அடுத்த கிழமை இறந்துபோனார்.

நான் செய்ததை டேனியலிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அம்மாவையே கேட்டிருக்கலாம். அவவுக்குத் தலையாட்டத் தெரியும்தானே" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

3. புதிதாக வரும் பராமரிப்பாளர்களுக்கு

பிறந்த மொழி எது என்று கேளுங்கள். எந்த மொழியில் பேச விருப்பம் என்றும் கேளுங்கள். பேச முடியாதவரையும் கேளுங்கள்.

தமிழ் பேசியதற்காகவே ஊரைவிட்டு ஓடிவந்தவள் நான். தாய்மொழியைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்காக ஐந்து கிழமைகளை இழந்தவர் ரூத்.